சோலார் ஃப்ரிட்ஜைப் பாழாக்கச் சுலப வழிகள்

வாழ்த்துகள்! உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வெயிலில் ஓடும் தடுப்பூசி ஃப்ரிட்ஜ் வந்து இறங்கிவிட்டது. தேங்காய் உடைத்தாயிற்று, ரிப்பன் வெட்டியாயிற்று, மூடியில் குங்குமப் பொட்டும் வைத்தாயிற்று. இனி அதைக் கெடுப்பது ஒன்றுதான் பாக்கி. மலைக்காதீர்கள். பழைய ஃப்ரிட்ஜை முடித்துக்கட்டிய அனுபவம் உங்களுக்கு நிறையவே உண்டு. நான் புதிதாக எதையும் கற்றுத்தரப் போவதில்லை. தெரிந்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன், அவ்வளவே.

எதிரி யாரென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இதில் பேட்டரியே இல்லாத ரகம் ஒன்று உண்டு. வெளியே நிற்கும் சோலார் தகட்டிலிருந்து கரண்ட் நேரே கம்ப்ரெசருக்குப் போகும். பகலெல்லாம் சுவருக்குள் இருக்கும் தண்ணீரை ஐஸாக்கி வைக்கும். ராத்திரி அந்த ஐஸே குளிரைக் கொடுத்துக்கொண்டிருக்கும். மூன்று நாள் வெயில் முகமே காட்டாவிட்டாலும் உள்ளே 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது இந்த ரகத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் பாஸ் மார்க். இன்னொரு ரகத்தில் நிலையம் முழுவதற்கும் கூரையில் சோலார். பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் உண்டு. நீங்கள் பழகிய ஐ.எல்.ஆர். என்ற ஐஸ் சுவர் ஃப்ரிட்ஜ் அதில் ஓடும், பிரசவ அறை விளக்கு எரியும், பிறந்த குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மரும் ஓடும். கர்நாடகத்தில் செல்கோ அறக்கட்டளையும் மாநில சுகாதாரத் துறையும் சேர்ந்து கூரைகளில் ஏற்றிவருவது இந்த இரண்டாம் ரகம்.

இரண்டுமே கெட்டியான சாமான். தானாகக் கெடும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். உழைக்க வேண்டும்.

படி 1: ஊர்ப் பெருமையில் தொடங்குங்கள்

"கோலார் தங்கவயலுக்கா சோலார்?" என்று கேட்டுவிட்டுச் சிரியுங்கள். பெங்களூரில் மின்விளக்கு எரிந்தது 1905-இல். நமக்கு 1902-லேயே கரண்ட் வந்துவிட்டது. காவிரியில் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலகமே திரும்பிப் பார்த்த நீளம் அது. குளிரைப் பற்றியும் யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டாம். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே, பாறையே அனலாய்க் கொதிக்கும் இடத்துக்கு, மேலேயிருந்து குளிர்காற்றை இறக்கிய ஊர் இது.

அந்தக் கம்பி சுரங்க ஷாஃப்டைத் தேடி வந்த கம்பி, பேத்தமங்கலம் தாண்டி இருக்கும் துணை சுகாதார நிலையத்தைத் தேடி வந்ததல்ல என்று எவனாவது இடையில் புகுந்து சொல்வான். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடிவிட்டதே என்றும் இழுப்பான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள். கோடையில் கரண்ட் எந்த நேரத்துக்கு வரும், எந்த நேரத்துக்குப் போகும் என்று அவன் கேட்பதற்குள் இரண்டாம் படிக்கு வந்துவிடுங்கள்.

படி 2: தகட்டை ரோட்டைப் பார்த்து நிறுத்துங்கள்

பொறியாளர் தெற்கு என்பார். நம்முடைய அட்சரேகை 13 டிகிரி, தகடும் கிட்டத்தட்ட அந்தச் சாய்வில் தெற்கு நோக்கி இருந்தால் வருஷம் முழுக்க வெயில் ஒழுங்காக விழும், மழைத்தண்ணீரும் வழிந்து தானே கழுவிவிடும் என்று விளக்குவார். பொறுமையாகக் கேளுங்கள். பிறகு, எம்.எல்.ஏ. கார் எந்தப் பக்கம் வந்து நிற்கும் என்று அவரைக் கேளுங்கள். தகடு அந்தப் பக்கம் பார்க்கட்டும். நன்கொடை கொடுத்தவர் பெயரைத் தகட்டைவிடப் பெரிய போர்டில் எழுதி அதற்கு முன்னால் நடுங்கள்.

நிழலை அலட்சியமாக நினைக்காதீர்கள், அது உங்கள் சிறந்த கூட்டாளி. தகட்டில் உள்ள செல்கள் ஒன்றோடொன்று தொடராகக் கோத்தவை. ஒரு மூலையில் நிழல் விழுந்தால் அந்த மூலை மட்டும் படுக்காது, வரிசையே படுத்துவிடும். ஆகவே பெரிய மரத்தடியெல்லாம் தேட வேண்டாம். ஒரு சின்டெக்ஸ் டேங்க் போதும். அதுவும் கிடைக்காவிட்டால் டிஷ் ஆன்டெனா. தகட்டுச் சட்டத்தில் கொடிக்கயிறு கட்டி வார்டு பெட்ஷீட்டைக் காயப்போட்டால் இரண்டு வேலை ஒன்றாக முடியும்.

படி 3: துடைக்காதீர்கள்

இந்த விஷயத்தில் நம் ஊருக்கு இயற்கையே அனுகூலம். நூறு வருஷத்துக்கு மேல் பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஊருக்குள்ளேயே கொட்டிவைத்துப் போயிருக்கிறார்கள். 3 கோடி டன்னுக்கு மேல். சினிமாக்காரர்கள் தேடி வந்து புழுதி பறக்கப் படம் எடுத்தார்களே, அதே சயனைடு மேடுகள். காற்றுக் காலத்தில் அந்த மாவு சோற்றில் விழுகிறது, தொட்டிலில் விழுகிறது, கண்ணில் விழுகிறது. தகட்டில் மட்டும் விழாதா?

விழும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வாரம் ஒரு தரம் விடியற்காலையில் ஒரு வாளித் தண்ணீரும் ஈரத்துணியும் போதும் என்று கையேட்டில் எழுதியிருக்கும். கையேடு இங்கிலீஷில் இருக்கும். நிலையத்தில் கன்னடம், வீட்டில் தமிழ் அல்லது தெலுங்கு. ஆகவே யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஏணி யார் பொறுப்பு என்று ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வரும்வரை ஏறாதீர்கள்.

படி 4: கரண்டைப் பகிர்ந்துகொள்ளுங்கள்

பேட்டரி உள்ள ரகமா? அடித்தது அதிர்ஷ்டம். மனதை விசாலமாக்குங்கள். முதலில் ஒரே ஒரு செல்போன் சார்ஜர். அப்புறம் டீ போடும் கெட்டில். அப்புறம் டாக்டர் அறை டி.வி. அப்புறம் பின்பக்கக் குடியிருப்புக்கு ஒரு ஒயர். எத்தனை ஃப்ரிட்ஜ், எத்தனை விளக்கு, எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டு மாட்டியிருப்பார்கள். அந்தக் கணக்கு எழுதிய காகிதம் இன்வெர்ட்டர் பெட்டியின் உள்கதவில் ஒட்டியிருக்கும். அதன்மேல் காலண்டரை மாட்டுங்கள்.

டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் ரக பேட்டரியானால் குழாய்த் தண்ணீரை ஊற்றுங்கள். நம் ஊர் போர்வெல் தண்ணீரில் இருக்கும் உப்புக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. மாரியம்மன் திருவிழாவுக்கு மைக்செட்காரர் பேட்டரி கேட்டு வந்தால் இல்லை என்று சொல்லாதீர்கள். அம்மன் காரியம்.

ஆனால் உண்மையான வேலை பட்ஜெட்டில்தான் நடக்கிறது. பேட்டரி சில வருஷத்தில் தீர்ந்துபோகும் பண்டம் என்பது உலகத்துக்கே தெரியும். ஃப்ரிட்ஜ் வாங்கத் தலைப்பு உண்டு, திறப்பு விழாவுக்குத் தலைப்பு உண்டு, மாற்றுப் பேட்டரிக்கு மட்டும் தலைப்பு வைக்காதீர்கள். இது நாம் கண்டுபிடித்த உத்தி என்று மார்தட்ட வேண்டாம். 1980-களில் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வைத்த முதல் தலைமுறை சோலார் ஃப்ரிட்ஜ்களில் ஏராளமானவை இப்படித்தான் போய்ச் சேர்ந்தன. தகடு நன்றாக இருக்கும், கம்ப்ரெசர் நன்றாக இருக்கும், பேட்டரி மட்டும் செத்திருக்கும், மாற்றக் காசு இருக்காது. இந்தத் தொல்லை தாங்காமல்தான் பேட்டரியே வேண்டாம், ஐஸிலேயே குளிரைச் சேமிப்போம் என்று இன்னொரு ரகத்தைச் செய்தார்கள். நம்மை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்கள், பாருங்கள்.

அந்தப் பேட்டரி இல்லாத ரகம் உங்களுக்கு வாய்த்திருந்தால் சோர்ந்துவிடாதீர்கள். தகட்டிலிருந்து வரும் ஒயரை நடுவில் வெட்டி ஒரு ஃபேனை மாட்ட லோக்கல் எலக்ட்ரீஷியனுக்கு ஐந்து நிமிஷம் போதும்.

படி 5: உள்ளே இடம் இருக்கிறதே!

மேலே திறக்கும் மூடி. குளிர்காற்று கனமானது, மேல்வழியாகத் திறந்தால் கொட்டிப்போகாது, அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். அதைத் தோற்கடிக்க ஒரே வழி அடிக்கடி திறப்பது. அடிக்கடி திறக்கக் காரணம் வேண்டும். காரணம் என்றால் சாப்பாடு.

தயிர், தண்ணீர் பாட்டில், பூஜைக்கு வாங்கிய பூ, மாமியாரின் இன்சுலின், ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன். இன்சுலினுக்கும் அதே 2 முதல் 8 டிகிரிதான் என்று விஞ்ஞான ரீதியாகவே வாதாடலாம். மருந்துக் குப்பிகளை இடைவெளி இல்லாமல் சுவரோடு சுவராக அடுக்குங்கள். கூடவே வந்த கம்பிக் கூடைகளை வெளியே எடுத்து வெங்காயம் போட்டு வையுங்கள். கூடை இல்லாவிட்டால் குப்பி நேரே அடித்தளத்தில் உட்காரும். அடித்தளத்தில்தான் குளிர் கடுமை. இது அடுத்த படிக்கு அடித்தளம்.

படி 6: உறைய வையுங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் கத்துக்குட்டி வேலை. சூட்டில் மருந்தைக் கெடுப்பது யாருக்கும் வரும், பிடிபடவும் செய்யும். குப்பியின் மேல் ஒரு சின்ன வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1996-இல் போலியோ சொட்டு மருந்தில் முதலில் ஒட்டினார்கள். சதுரம் வெளுத்திருந்தால் மருந்து நல்லது. சூடு பட்ட நேரமெல்லாம் கூடிக் கூடிச் சதுரம் கறுத்து, சுற்றி இருக்கும் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் தூக்கிப்போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடக் கண்டுபிடித்துவிடுவார். இந்த வட்டத்தோடு மோதாதீர்கள்.

அதற்குக் குளிர் தெரியாது. அங்கேதான் நீங்கள் புக வேண்டும்.

பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டி.பி.டி., டி.டி. ஆகியவை உறையக் கூடாத மருந்துகள். அவற்றில் அலுமினிய உப்பு கலந்திருக்கிறது. ஒரு தரம் உறைந்தால் அந்த உப்பின் கட்டமைப்பு உடைந்து திரிதிரியாகச் சேர்ந்துகொள்ளும், மருந்தின் வீரியம் போய்விடும். உருக்கினாலும் திரும்பாது. ஆனால் பார்க்க அதே மருந்துதான். அதே லேபிள், அதே தேதி, சதுரம் வெள்ளை வெளேர்.

எப்படி உறைய வைப்பது? மிகச் சுலபம். "குளிர் கூடினால் நல்லதுதானே" என்ற ஒரு வாக்கியம் போதும். தெர்மோஸ்டாட் கைக்கு எட்டினால் கடைசிவரை திருப்புங்கள். துணை நிலையத்துக்குக் கேரியரில் அனுப்பும்போது டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை எடுத்த கையோடு உள்ளே வைத்து மூடுங்கள். கொஞ்ச நேரம் வெளியே வைத்து, வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் பதம் வந்த பிறகுதான் வைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். பயிற்சியில் சோறும் போட்டார்கள். எது நினைவில் இருக்கிறது?

ஆட்டிப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது, அது நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்து ஆட்டி, மேஜைமேல் அரைமணி நேரம் வைப்பார்கள். உறைந்த மருந்தில் வண்டல் சரசரவென்று கீழே இறங்கி மேலே தெளிந்துவிடும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் தெளிந்தால் குட்டு உடைந்தது. மேஜையும் அரைமணி நேரமும் ஒரு நர்ஸும் ஒரே இடத்தில் சும்மா இருந்தால்தானே இதெல்லாம்? நிலையத்தில் ஆளை நிரப்பாமல் வைத்திருக்கிறவர்கள் இந்த விஷயத்தில் உங்களுக்குப் பெரிய உதவி செய்கிறார்கள்.

பலனைப் பாருங்கள். ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் மூன்று தரமும் ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள். கூலி போகும். குழந்தை வீரிட்டு அழும். ராத்திரி காய்ச்சல் வருமோ என்று விழித்திருப்பாள். தாய் அட்டையில் மூன்று டிக் விழும், மாவட்டக் கணக்கில் இந்த வட்டாரம் பச்சையாக மின்னும். உள்ளே போனது என்ன என்று உங்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தொண்டை அடைப்பானுக்கு மட்டும் தெரியும், அதுவும் வந்த பிறகு.

படி 7: பதிவேட்டை அழகாக வைத்திருங்கள்

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, நாளுக்கு இரண்டு முறை டிகிரியைப் பார்த்து எழுத வேண்டும். 1965-இல் இதே சாம்பியன் ரீஃபில் 2 கிலோமீட்டருக்கும் கீழே டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்காரர்கள் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து, ஏறக்குறைய எதிலும் மோதாமல் பூமியையே துளைத்துப்போகும் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் நமக்குத் தெர்மாமீட்டரைப் பார்த்துத்தானா டிகிரி தெரிய வேண்டும்?

மாதக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதுங்கள். 4, 5, 4, 5. நடுவில் ஒரு 6 போட்டால் நம்பிக்கை கூடும். எல்லா நாளும் 4 போடாதீர்கள், அது சோம்பேறித்தனம். ஃப்ரிட்ஜே ஓடாத நாளிலும் 4 போட்டிருப்பதை யாரும் ஒத்துப்பார்க்கப் போவதில்லை.

ஒரு சிக்கல். ஈவின் என்று ஒன்று வந்திருக்கிறது. ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் கருவி தானே டிகிரியைப் பதிந்து, தப்பினால் போனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும். மத்திய சுகாதார அமைச்சகமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து 2015-இல் தொடங்கியது. இதற்கு மருந்து உண்டு. மாற்றலாகிப் போன ஃபார்மசிஸ்டின் நம்பரையே விட்டுவைக்கவும். ராத்திரி இரண்டு மணிக்கு எங்கோ வட கர்நாடகத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் மனிதருக்கு உங்கள் ஃப்ரிட்ஜின் கஷ்டம் போய்ச் சேரும். அவர் புரண்டு படுப்பார்.

படி 8: ரிப்பேரை மூன்று பேருக்குப் பிரித்துக்கொடுங்கள்

ஃப்ரிட்ஜ் சுகாதாரத் துறையுடையது. கூரை கட்டடப் பிரிவுடையது. தகடு நன்கொடையாளருடையது. நடுவில் ஓடும் ஒயர் யாருடையது? இந்தக் கேள்வியை யாரும் தீர்க்காத வரையில் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். வாரண்டி அட்டையை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். கம்பெனியின் சர்வீஸ் நம்பர் ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டிக்கர் சுவர்ப் பக்கம் இருக்கும்படி ஃப்ரிட்ஜைத் திருப்பிப்போடுங்கள். காற்றோட்டமும் அடைபடும், அது இலவசம்.

ஐந்து ரூபாய் ஃபியூஸ் போனதற்குக் கோலாருக்குக் கடிதம் எழுதுங்கள். கடிதத்தில் ஃபியூஸ் என்று எழுதாதீர்கள். "சோலார் சரிப்பட்டு வரவில்லை" என்று எழுதுங்கள்.

படி 9: ஆளைப் பிடியுங்கள்

ஏதாவது வெளியே தெரிந்துவிட்டால் ஆஷா அக்காவைக் கூப்பிட்டு நிற்க வையுங்கள். அவர் ஃப்ரிட்ஜைத் தொட்டதே இல்லை என்பது ஒரு பொருட்டல்ல. அவர்தானே வீடு வீடாகப் போய் "ஊசி நல்லது, வாங்க" என்று சொன்னார்? அவர் கிடைக்காவிட்டால் ஒப்பந்த நர்ஸ். தகட்டை ரோட்டைப் பார்த்து நிறுத்தச் சொன்னவர் அதற்குள் பதவி உயர்வில் போயிருப்பார்.

படி 10: பிணத்தை எரிக்காதீர்கள்

செத்த ஃப்ரிட்ஜைக் கழித்துக்கட்ட ஒரு கமிட்டி கூட வேண்டும். கமிட்டி கூடாது. அதுவரை ஸ்டாக் ரிஜிஸ்டரில் "1, நல்ல நிலையில்" என்றே இருக்கட்டும். நல்ல நிலையில் ஒன்று இருக்கும்போது இன்னொன்று யாரும் தர மாட்டார்கள் என்பதால் புதியதைப் பாழாக்கும் சிரமமும் உங்களுக்கு மிச்சம். தடுப்பூசி நாளன்று பக்கத்து நிலையத்திலிருந்து மருந்தைக் கேரியரில் பஸ்ஸில் வரவழைத்துக்கொள்ளலாம். ஐஸ் பேக் விஷயத்தை அவர்கள் ஏற்கெனவே கவனித்துக்கொள்கிறார்கள்.

காலியான ஃப்ரிட்ஜில் பதிவேடுகளை அடுக்குங்கள். எலி ஏறாது, கரையான் வராது, சயனைடு மண்கூட உள்ளே புகாது, அவ்வளவு இறுக்கமான மூடி. ஆடிட்டர் வந்து கேட்டால் டிகிரிப் பதிவேட்டை அதிலிருந்தே எடுத்துக் கொடுங்கள். 4, 5, 4, 5, 6, 4. பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.